விமானிப் பொம்மையும் ரப்பர் குழாயும்

போர் அருங்காட்சியகங்களில் ஒரு பொம்மை கட்டாயம் நிற்கும். தலையில் தோல் தொப்பி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட பறப்புக் கண்ணாடி, மார்பில் மஞ்சள் மிதவைச் சட்டை, அதற்கு மேல் பாராசூட் வார். பக்கத்தில் ஓர் அட்டை: 'பிரிட்டிஷ் விமானி, 1940'. நாமும் ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவோம். இந்தப் பொம்மையை ஒரு கதையை வாசிப்பதுபோல வாசிக்கவேண்டும் என்பது என் கட்சி. அதற்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். எதை வைப்பது, எதை மறைப்பது என்று முடிவெடுத்தவர் அவர். வரலாற்றுக் கதை எழுத ஆசைப்படும் மலேசியத் தமிழர்கள் அவரிடம் கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்று இருக்கிறது, அவரோடு சண்டை பிடிக்கவேண்டியதும் ஒன்று இருக்கிறது.

கற்றுக்கொள்ள வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய விமானி உடைகளைச் சேகரிப்பவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. மேலே சொன்ன பொம்மையைப் பார்த்ததும் சிரிப்பார்கள். 1940இல் பிரிட்டிஷ் விமானிகள் போட்டது 1932 மாதிரி மிதவைச் சட்டை. அதன் துணி மஞ்சள் கிடையாது. கடலில் விழுந்தால் கண்ணில் படட்டும் என்று பலர் தாங்களாகவே மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டார்கள். மஞ்சள் துணியிலேயே தைத்தது 1941 மாதிரிதான். பொம்மையின் காலில் 1943 மாதிரி பூட்ஸ் இருந்தால் இன்னும் மோசம். எதிரி நாட்டில் விழுந்துவிட்டால் மேல்பகுதியை வெட்டிவிட்டு சாதாரண சப்பாத்துபோல நடந்து தப்பிக்கலாம் என்று செய்த பூட்ஸ் அது. 1940இல் அந்தப் பூட்ஸே கிடையாது.

உடுத்துவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. துணிக்கடை பொம்மை இன்றைய ஃபேஷனுக்குச் செய்தது. நெஞ்சு அகலம், ஆள் உயரம். அதில் 80 வருடத்துக் காக்கிச் சட்டையை இழுத்து மாட்டினால் தையல் விட்டுப்போகும். அதனால் சின்ன உடம்பாக எடுத்து, பாலியஸ்டர் பஞ்சும் ஃபோமும் சுற்றி, உடைக்கு ஏற்ப உடம்பைச் செய்வார்கள். பொம்மையின் கணுக்கால் மடங்காது, எனவே பூட்ஸுக்குத் தனிப் பாடு. மிதவைச் சட்டை முதலில், பாராசூட் வார் அதற்கு மேலே. மாற்றிப் போட்டால் விமானி தண்ணீரில் வாரைக் கழற்றி எறியவும் முடியாது, சட்டை ஊதவும் இடம் இருக்காது. இது தெரியாதவர் கட்டிய பொம்மை நின்ற இடத்திலேயே செத்துப்போகும்.

இந்த ஒழுக்கம் நம் கதைகளில் எங்கே? ஜப்பானியர் காலத்தில் நடக்கும் ஒரு கதையில் பால் பிளாஸ்டிக் வாளியில் வருகிறது. இன்னொன்றில் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு நிரையில் மரம் சீவுகிறார்கள். பால் நன்றாக வடிவது விடியற்காலையில் என்பது தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு பக்கிளுக்காக இரண்டு நாள் வாதாடும் சேகரிப்பாளர் அளவுக்காவது நமக்கு வெட்கம் இருக்கவேண்டாமா?

இனி சண்டை.

அந்தப் பொம்மை ஒரு ஆள் இல்லை. தொப்பி ஒருவருடையது, பூட்ஸ் இன்னொருவருடையது, சட்டை ஏலத்தில் வந்தது, வார் புதிதாகத் தைத்தது. நான்கைந்து பேரை ஒட்டி ஒருவரைச் செய்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. துண்டு துண்டாக மேசையில் பரப்பினால் பள்ளிப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நிற்கிற ஆளைப் பார்த்தால்தான் கேள்வி கேட்பார்கள். ஒட்டிய இடத்தை மறைப்பதுதான் தப்பு. அட்டை 'விமானி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

ஒட்டு எங்கே வருகிறது என்று தேடினால், பெரும்பாலும் ரப்பரில். நான் புந்தோங்கில் வளர்ந்தவன். வேலை ரப்பர் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில், தரச் சோதனைப் பிரிவில். கையுறை எத்தனை வருடம் தாங்கும் என்று பார்க்க அதை 70 டிகிரி சூட்டில் 7 நாள் அடுப்பில் வைத்துவிட்டு இழுத்துப் பார்ப்போம். இயற்கை ரப்பரின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஆக்சிஜனும் ஓசோனும் அங்கேதான் கடிக்கும். சில ரப்பர் முதலில் பிசுபிசுக்கும், சில நேராக இறுகி வெடிக்கும். அடுப்பில் 7 நாளில் நடக்கத் தொடங்குவது கண்ணாடிப் பெட்டியில் வருடக்கணக்கில் நடந்து முடிகிறது. தோல் தாங்குகிறது, பித்தளை தாங்குகிறது, காக்கித் துணிகூடத் தாங்குகிறது. ஆக்சிஜன் குழாய், தொப்பியில் காதுக்கான கூடு, மிதவைச் சட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை, இந்த மூன்றும்தான் முதலில் போகும். போனதும் சேகரிப்பாளர் புது ரப்பரில் நகல் வாங்கி மாட்டிவிடுவார். பார்க்கிறவருக்குத் தெரியாது.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? போருக்கு முன் உலகத்து இயற்கை ரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலும் டச்சு இந்தியத் தீவுகளிலும் வடிந்தது. ஜப்பான் இந்தப் பக்கத்தைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் நின்றுபோனது. அமெரிக்கா அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகள் கட்டியது அதனால்தான். அதுவரை குழாயிலும் காற்றுப்பையிலும் இருந்த ரப்பரில் ஒரு பங்கு நம் ஆட்கள் உளி பிடித்து, மங்கு நிறைத்து, காண்டா தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோன பால். விமானிப் பொம்மையில் அவர்கள் கை பட்ட இடம் அது ஒன்றுதான். நகல் மாட்டும்போது அதுவும் போய்விடுகிறது.

காசும் இங்கிருந்து போனது. முதல் உலகப் போரில் பேராக்கில் இருந்த சார்லஸ் அல்மா பேக்கர் என்ற துரை மலாயாவிலும் ஆஸ்திரேலியாவிலும் போர் விமானங்களுக்கு நிதி திரட்டினார். பத்து காஜாவில் தோட்டம் வைத்திருந்தவர். புந்தோங்கிலிருந்து காரில் போனால் பக்கம்தான். அன்றைக்கு ஒரு விமானத்துக்கு 1500 பவுண்டு கொடுத்தால் நன்கொடையாளர் சொல்லும் பெயரை அதன் உடம்பில் எழுதுவார்கள். பிறகு பிரிட்டிஷ் விமானப்படையின் 214ஆம் ஸ்குவாட்ரனுக்கு, பேராக்கும் சேர்ந்த 'ஐக்கிய மலாய் மாநிலங்கள்' பெயர் கிடைத்தது. கடலுக்கு அந்தப் பக்கம் 264ஆம் ஸ்குவாட்ரன் 'மதராஸ் பிரசிடென்சி' பெயரைத் தாங்கியது. அது ஓட்டிய டிஃபயண்ட் விமானத்தின் பின்னால் துப்பாக்கிக் கூண்டில் இருப்பவருக்குச் சாதாரண பாராசூட் போட இடம் இல்லை. பாராசூட்டையும் உடையையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார்கள். காண்டாமிருக உடை என்று பட்டப்பெயர். ஊர் பெயரையும் தோட்டத்து ஊர் பெயரையும் விமானங்கள் சுமந்தன. அந்த ரப்பரையும் அந்த வருமானத்தையும் உண்டாக்கிய கூலிக்காரர் பெயர் எதிலும் இல்லை.

1941ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் கோரிக்கை. ராணுவத்தை வரவழைத்து அடக்கினார்கள். அதே வருடம் டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் 453ஆம் ஸ்குவாட்ரன் பஃபலோ விமானங்கள் சில நாள் ஈப்போவிலிருந்து பறந்து, பின்வாங்கி, கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தன. 1941 ஈப்போ விமானி என்று ஒரு பொம்மை செய்தால் இரண்டு செய்தியும் ஒரே அட்டையில் வரவேண்டும்.

பழைய பானைகளை ஒட்டுகிறவர்களிடம் ஒரு விதி இருக்கிறது. ஆறடி தள்ளி நின்றால் பானை முழுசாகத் தெரியணும்; ஆறு அங்குலம் கிட்டே போனால் ஒட்டுப்போட்ட இடம் தெரியணும். விமானிப் பொம்மைக்கு நான் கேட்பதும் அவ்வளவுதான். நகல் குழாய் மாட்டுங்கள், ஆனால் வேறு நிறத்தில் மாட்டுங்கள். வெடித்துப்போன அசல் குழாயைக் காலடியில் வையுங்கள். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்.

எழுதுகிறவர்களுக்கும் இதே விதி பொருந்தும். 'நினைவுச் சின்னம்' எழுதிய அ. ரெங்கசாமி ஜப்பானியர் காலத்தைப் பிள்ளைப் பருவத்தில் கண்ட தலைமுறை. எங்கள் தலைமுறையிடம் இருப்பது பாட்டி சொன்ன நாலு வரி, துருப்பிடித்த ஓர் உளி, முகம் தெரியாத ஒரு படம். தோட்டத்தில் போட்ட துணியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை; பால் காய்ந்து விறைத்து நாறும் சட்டையை யார் பெட்டியில் வைப்பார்கள்? ஆகவே நாங்களும் பொம்மைதான் செய்யப்போகிறோம். ஆனால் பொங்கல் கண்காட்சிகளில் நிற்கும் பால்மரத் தொழிலாளிப் பொம்மைக்குக் கடையில் வாங்கிய புதுச் சேலை கட்டுவதுபோல, கள்ளுக்கடை, கெட்ட தண்டல், தீமிதி என்று தயாராகக் கிடைப்பதை மாட்டி 'தோட்டத்து வாழ்க்கை' என்று அட்டை வைக்கவேண்டாம். பாட்டி சொன்னது எது, புத்தகத்தில் எடுத்தது எது, நான் இட்டுக்கட்டியது எது என்று கிட்டே வரும் வாசகருக்குத் தெரியட்டும். கதை அதனால் கெட்டுப்போகும் என்று சிலர் சொல்வார்கள். ஒட்டுத் தெரிகிற பானையை யாரும் பானை இல்லை என்று சொன்னதில்லை.