மணல் துரவு

முகத்துவாரக்குப்பத்தில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிறது. ஆற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆனால் கடற்கரை மணலுக்கடியில் மழைநீர் உப்புநீர்மேல் மிதக்கும்: கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி. சோழமண்டலக் கரையில் சவுக்குக் கன்றுகளுக்குத் துரவு வெட்டியது இதை நம்பித்தான். உறை கிடையாது, செங்கல் கிடையாது. மணலைச் சரிவாகத் தோண்டி, இரு கையிலும் குடத்தோடு இறங்கி, கலங்காமல் மேலாக மொண்டு, கன்றின் தூரில் ஊற்றுவார்கள். குடம் கொள்வதற்கு மேல் எடுக்க வழியே இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான். மோட்டாருக்கு அந்த அடக்கம் ஏது? மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் இறைத்த இறைப்பில் 1960-களின் இறுதியிலேயே நிலத்தடியில் கடல் புகுந்துவிட்டது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரையே குடிநீராக்கத் தொடங்கினார்கள்.