லித்தியம் விளைந்த களிமண்: ஓர் ஆய்வுரையின் மதிப்பீடு

ஓர் ஆராய்ச்சியை மதிப்பிடப் புகுவோர், அது கண்டது யாது, கருதியது யாது என்று முதற்கண் பிரித்தறிதல் வேண்டும். இரண்டும் கலந்துவிடின் நல்லாய்வும் விளம்பரம்போல் ஒலிக்கும். 2023-ஆம் ஆண்டு ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் தாமஸ் பென்சனும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட கட்டுரை அவ்வாறு பிரித்துப் படிக்கத்தக்கது.

மின்சார வண்டிகளின் மின்கலங்களுக்கு வேண்டப்படும் உலோகம் லித்தியம். அமெரிக்காவில் நெவாடா, ஆரிகன் மாநிலங்களின் எல்லையில் மெக்டெர்மிட் என்னும் எரிமலைப் பள்ளம் உண்டு. ஏறத்தாழ 1 கோடியே 64 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, நிலம் உள்ளே சரிந்ததால் உண்டானது அது. பின்னர் அதில் ஏரி தேங்கிற்று. அதன் படிவுகளில் லித்தியம் கலந்த ஸ்மெக்டைட் என்னும் களிமம் உருவாயிற்று.

ஆயினும், பள்ளத்தின் தென்பகுதியாகிய தாக்கர் பாஸில் மட்டும் களிப்பாறையில் லித்தியம் 1.5 விழுக்காடு வரை இருப்பானேன்? உலகில் அறியப்பட்ட பிற களிப்பாறைப் படிவுகளில் அது 0.4 விழுக்காட்டைத் தாண்டுவதில்லையே! லித்தியமும் ஃபுளோரினும் சுமந்த வெந்நீர் பின்னொரு காலத்தில் ஊடுருவி, முன்னைய களிமத்தை இல்லைட் என்னும் களிமமாக மாற்றியது என்பது கட்டுரையின் விடை. சாயமேறிய துணியை மறுமுறையும் தோய்த்தாற் போன்றது இது. இல்லைட்டை இருந்த நிலையிலேயே அளந்தபோது அதில் லித்தியம் 1.3 முதல் 2.4 விழுக்காடு வரை காணப்பட்டது. உடன் ஃபுளோரினும் மிகுந்திருந்தது. சான்றும் முடிவும் பொருந்தும் இப்பகுதியே கட்டுரையின் உயிர்நிலை.

பிற பகுதிகளில் இவ்வுறுதி இல்லை. பள்ளம் முழுவதிலும் 2 கோடி முதல் 4 கோடி டன் லித்தியம் இருக்கலாம் என்பது மதிப்பீடே. மேலெல்லை கீழெல்லைக்கு இருமடங்காயிருப்பதே அதன் தளர்ச்சியைக் காட்டும். தோண்டிப் பயன்பெறத்தக்க அளவு வேறு. இத்தகைய படிவுகள் ஆழமற்றவை, கழிவு குறைந்தவை. ஆதலின் சுற்றுப்புறக் கேட்டைக் குறைக்கவல்லவை என்று கட்டுரை தொடக்கத்திலேயே கூறுகின்றது. அக்கூற்றை மெய்ப்பிக்க நீரையும் நிலத்தையும் அளத்தல் வேண்டும். கட்டுரை அளந்ததோ களிமத்தை. முதலாசிரியர் அங்குச் சுரங்கம் அமைக்கும் நிறுவனத்தைச் சார்ந்தவர் என்பதையும் படிப்போர் கருதுதல் நன்று. அதனால் அளவைகள் பொய்யாகா. ஆனால் அளவைக்கு அப்பாற்பட்ட கூற்றுகளை நிறுத்துப் பார்க்கும் கடமை கூடுகின்றது.

அவ்விடம் 1865-இல் தம் முன்னோர் கொலையுண்ட மண் என்று பயூட், ஷோஷோனி மக்கள் பலர் எதிர்த்தனர். அவர்தம் வினாவிற்குக் களிம ஆய்வு விடையாகாது. ஆகுமென்று எவரும் கொள்ளலும் தகாது.

லித்தியம் எவ்வாறு திரண்டது என்பதற்கு இக்கட்டுரை நல்ல ஆசான். அதைத் தோண்டலாமா என்பதற்கு அன்று.