கல்லூரி வளாகக் கலைக்கூடம்: பாடமா, சொத்தா?

கல்லூரி வளாகக் கலைக்கூடம் என்பது ஒரு கல்வி நிறுவனம் தன் மாணவர்களின் கற்றலுக்காக ஓவியம், சிற்பம், அச்சோவியம் முதலியவற்றைச் சேகரித்துப் பேணும் இடமாகும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இல் திறக்கப்பட்டது. யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் 1832இல் தொடங்கியது. இத்தனை காலம் கடந்தும், இக்கூடங்கள் யாருக்காக உள்ளன என்ற கேள்வி ஓயவில்லை. அமெரிக்காவின் இரு நிறுவனங்கள் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

ரோஸ் அருங்காட்சியகம்

மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ரோஸ் கலை அருங்காட்சியகம் 1961இல் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் சாம் ஹன்டர், 50,000 டாலர் நிதியைக் கொண்டு வார்ஹோல், ரவுஷன்பெர்க், லிக்டென்ஸ்டைன் முதலிய அன்றைய இளம் ஓவியர்களின் படைப்புகளை வாங்கினார். பின்னர் அவற்றின் விலை பன்மடங்கு உயர்ந்தது. உலக நிதி நெருக்கடியின்போது, 2009 ஜனவரியில், அருங்காட்சியகத்தை மூடிப் படைப்புகளை விற்க அறங்காவலர் குழு முடிவெடுத்தது. மாணவர்களும் கலை உலகினரும் எதிர்த்தனர், வழக்கும் தொடரப்பட்டது. 2011இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அருங்காட்சியகம் நீடித்தது.

ஓபர்லின் கல்லூரி

ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில், எலன் ஜான்சன் 1940இல் கலைப்படைப்புகளை வாடகைக்கு விடும் திட்டத்தைத் தொடங்கினார். சில டாலர் கொடுத்து, மூலப் படைப்பு ஒன்றை மாணவர் ஒரு பருவம் முழுவதும் தம் விடுதி அறையில் மாட்டிக்கொள்ளலாம். விரும்பிய படைப்பைப் பெற மாணவர்கள் முதல்நாள் இரவே வரிசையில் காத்திருப்பதுண்டு.

மதிப்பீடு

பிராண்டைஸ் நிர்வாகத்தின் தரப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆசிரியர் ஊதியமும் மாணவர் உதவித்தொகையும் ஆட்டம் காணும்போது, சேமிப்பறையில் கிடக்கும் ஓவியம் கணக்காளர் கண்ணில் பணமாகவே தெரியும். ஆனால் நெருக்கடி வந்தால் நூலகத்தை விற்கலாம் என்று எந்தக் கல்லூரியும் எளிதில் முன்மொழிவதில்லை. நூலகம் பாடத்தின் பகுதி என்பதை அனைவரும் ஏற்கின்றனர். கலைக்கூடத்துக்கு அந்த ஏற்பு கிடைக்கவில்லை. இதுவே சிக்கலின் வேர்.

ஓபர்லின் முறைக்கும் எல்லை உண்டு. வெளிச்சத்தில் மங்கும் படைப்புகளையும் எளிதில் உடையும் படைப்புகளையும் விடுதிக்கு அனுப்ப இயலாது. எனினும், ஒரு ஓவியத்துடன் சில மாதம் வாழ்ந்த மாணவருக்கு அதன் விலை முதன்மையானதாக இராது. நன்கொடைப் பத்திரமும் நீதிமன்றமும் ஒரு கூடத்தை மூடாமல் காக்கலாம். அதைக் கல்விக்கூடமாக வைத்திருப்பது மாணவரின் அன்றாடப் பயன்பாடு மட்டுமே.