கடைசி இலைக்கு முதல் சோறு

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி தன் 40 பேர் பட்டியலில் இருப்பவரை நீக்கிக் கீழ்நிலை லீகுக்கு அனுப்புவதென்றால், முதலில் அவரை ‘வெய்வர்’ வாசலில் நிறுத்த வேண்டும். ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம். அதற்குள் மற்ற 29 அணிகளில் எது வேண்டுமானாலும் ‘எங்களுக்குக் கொடுங்கள்’ என்று கேட்கலாம். பல அணிகள் கேட்டால், அதிகம் தோற்ற அணிக்கே ஆள். பந்தியில் கடைசி இலைக்கு முதலில் சோறு போடுவது மாதிரி. பணம் படைத்தவர் கையே ஓங்கும் தொழில்முறை விளையாட்டில், இளைத்தவருக்கு முதல் உரிமை என்று எழுதிவைத்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

இந்த ஏற்பாட்டின் முழு அழகும் 2018 வரை ஆகஸ்ட் மாதங்களில் தெரிந்தது. ஜூலை 31 வரை அணிகள் தங்களுக்குள் பேசி ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு டிரேட் செய்ய, ஆள் வெய்வரைக் கடந்தாக வேண்டும். யாரும் கேட்காவிட்டால் அவரை எந்த அணிக்கும் கொடுக்கலாம். ஓர் அணி கேட்டுவிட்டாலோ, அதனோடு மட்டும் பேரம் பேசலாம். சம்பள ஒப்பந்தத்தோடு ஆளைச் சும்மாவே விட்டுவிடலாம். இல்லை, கொடுப்பதற்கில்லை என்று திரும்ப இழுத்துக்கொள்ளலாம். இழுத்துக்கொண்டவரை அதே மாதம் இரண்டாம் முறை போட்டால் மீட்க வழியில்லை. யார் பெயர் போயிற்று, யார் கேட்டார்கள் என்பதெல்லாம் ரகசியமாக இருக்க வேண்டும். அதனால் விற்க நினைத்த ஒருவரை மறைக்க, விற்கும் எண்ணமே இல்லாத நட்சத்திரங்களையும் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். ஒரு விதி இத்தனை சாமர்த்தியத்துக்கு இடம் கொடுத்ததை வியக்காமல் இருக்க முடியவில்லை.

1998 ஆகஸ்டில் டொராண்டோ ப்ளூ ஜேஸ், ராண்டி மையர்ஸை வெய்வரில் போட்டது. ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வந்து வெற்றியைக் காத்துக் கொடுக்கும் பிட்சர் அவர். அட்லாண்டா பிரேவ்ஸ் கையில் அவர் சிக்கிவிடக் கூடாதே என்று சான் டியேகோ பாட்ரெஸுக்குக் கவலை. மேஜர் லீகுக்குள் இரண்டு லீகுகள்; அன்று, மையர்ஸ் இருந்த அமெரிக்கன் லீகில் யாரும் கேட்காவிட்டால்தான் பாட்ரெஸும் பிரேவ்ஸும் இருந்த நேஷனல் லீகின் முறை. அங்கும் கீழிருந்து மேலே போக வேண்டும். இரண்டுமே உச்சத்தில் இருந்த அணிகள். சீசனை பிரேவ்ஸ் 106 வெற்றிகளோடும் பாட்ரெஸ் 98 வெற்றிகளோடும் முடித்தன. ஒரு படி கீழே இருந்ததுதான் பாட்ரெஸுக்கு வாய்ப்பு. மறிக்கத்தான் கேட்டார்கள், டொராண்டோ ஆளையே கொடுத்துவிட்டது, 2000 வரை நீளும் ஒப்பந்தத்தோடு. அந்த சீசனுக்குப் பிறகு காயத்தால் மையர்ஸ் மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்த அக்டோபரில் பாட்ரெஸ் அதே பிரேவ்ஸைத் தோற்கடித்து லீக் பட்டத்தை வென்றதையும் சேர்த்தே அந்தச் செலவை எடைபோட வேண்டும்.

கேட்காமல் விட்டவர்களின் கதையும் உண்டு. 2003 அக்டோபர் கடைசியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், மேனி ரமிரெஸை மீட்க முடியாத வெய்வரில் போட்டது. 8 ஆண்டு, 16 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 5 ஆண்டு பாக்கி. அதை ஏற்றுக்கொண்டால் போதும், ஆள் சொந்தம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு பாஸ்டன் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்து வேர்ல்ட் சீரிஸை வென்றபோது, அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ரமிரெஸ்தான்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இழை வேறொன்று. 10 ஆண்டு மேஜர் லீகில் ஆடி, அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது. 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன்னைப் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை ஏற்காமல் வழக்குப் போட்ட கர்ட் ஃப்ளட், 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். மறு ஆண்டே இந்த உரிமை வந்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்திருந்தது.

அந்த உரிமை ஜஸ்டின் வெர்லாண்டருக்கு இருந்தது. 2005 முதல் டெட்ராய்ட் டைகர்ஸில் ஆடியவர். 2017 ஆகஸ்டில் அவருடைய பெரிய சம்பளத்தைப் பார்த்து யாரும் கேட்கவில்லை, வெய்வரைக் கடந்தார். ஆகஸ்ட் 31 நள்ளிரவோடு கெடு. அதற்குள் ஓர் அணிக்கு வந்து சேராதவர் அந்த அணிக்காக அக்டோபரின் பட்டப் போட்டிகளில் இறங்க முடியாது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸோடு பேச்சு முடிந்தும், அவர் ‘சரி’ என்றால்தான் உண்டு. சொன்னார், கெடுவுக்குச் சில விநாடிகளே இருந்தபோது. செப்டம்பரில் 5 ஆட்டம் வீசி 5-இலும் வென்றார். அந்த ஆண்டு ஹூஸ்டன் வென்ற கோப்பையின் மேல் பின்னாளில், எதிரணியின் சைகைகளைத் திருடிய கறை படிந்தது வருத்தம்தான். அந்த நள்ளிரவின் சுவையை அது குறைக்கவில்லை.

2019-இல் ஆகஸ்ட் டிரேடுகளை எடுத்துவிட்டார்கள். குழப்பம் குறைந்தது என்பது உண்மை; ஒரு நல்ல ஆட்டம் போயிற்று என்பதும் உண்மை. சாதாரண வெய்வர் மட்டும் அப்படியே நிற்கிறது. 2023 ஆகஸ்ட் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் ஒரே மூச்சில் பலரை வெய்வரில் போட்டபோது, ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகமாக இருந்த கிளீவ்லாண்ட் கார்டியன்ஸ் வரிசையில் முந்தியது. மேலே இருந்த அணிகள் பார்த்துக்கொண்டிருக்க, லூகஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், மேட் மூர் என்று மூன்று பிட்சர்களை அது அள்ளிக்கொண்டது. தன் பிரிவில் முன்னணியில் இருந்த மினசோட்டா ட்வின்ஸை எட்டிப் பிடிக்கத்தான் இத்தனையும். சில நாளில் அதே ட்வின்ஸுக்கு எதிராக முதல்முறை வீச வந்த ஜியோலிட்டோ, 3 இன்னிங்ஸில் 9 ரன் கொடுத்தார்.