இரண்டு பாட்டு சேரும் இடம்

பெங்களூரில் எலக்ட்ரானிக் இசை இரவு ஒன்றில் நண்பனின் பிறந்தநாள் என்றால், நான் டீஜே மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுவேன். டீஜேயின் விரல்களைப் பார்க்கத்தான். ஒரு காதில் ஹெட்ஃபோன், அதில் அடுத்த பாட்டு. இன்னொரு காது கூட்டத்துக்கு. ஓடும் பாட்டு நிமிடத்துக்கு 124 அடி, வரப்போவது 126. வேகக் குமிழை மயிரிழை நகர்த்துகிறார். அப்படியும் இரண்டு டிரம்மும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் தடதடவென்று முட்டிக்கொண்டால், பாட்டுச் சுழலும் தட்டின் விளிம்பை விரல்நுனியால் லேசாகத் தள்ளுகிறார். சேர்ந்துவிட்டது. அடுத்த பாட்டின் ஹை-ஹாட் சிம்பல் ஓசை மட்டும் முதலில் சன்னமாக உள்ளே நுழைகிறது. இரண்டு பாஸும் ஒன்றாக ஒலித்தால் குழம்பிவிடும். அதனால் பழையதை இறக்கிக்கொண்டே புதியதை ஏற்றுகிறார். காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூடு அதைத் தெரிந்துகொள்கிறது. எங்கே ஒரு பாட்டு முடிந்தது என்று ஆடுகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை.

இங்கே வாழ்த்துச் சொல்லக்கூட காதருகே கையைக் குவித்துக் கத்த வேண்டும். பாதிதான் கேட்கும், மீதியைச் சிரிப்பு சொல்லிவிடும். ஆடத் தெரியாதவன் தோளை மட்டும் அசைக்கிறான், அதுவும் தாளத்தில்தான் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கும் பாட்டு நிற்பதில்லை. டிரம்மையும் பாஸையும் எடுத்துவிட்டு, 32 அடி காக்கவைத்து, சட்டென்று இரண்டையும் திரும்பக் கொடுக்கிறார் டீஜே. பிறந்தநாள்காரனும் முகம் தெரியாதவர்களும் ஒரே நேரத்தில் துள்ளுகிறார்கள்.