தொலைக்கல்வியும் துணுக்காயும்

கல்வி மாணவனைத் தேடி அவன் வீட்டுக்கே வருகிறது என்று தொலைக்கல்வியைப் போற்றுவோர் கூறுவதுண்டு. துணுக்காய்க்கு அது எந்த வழியால் வருகிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. மாங்குளத்தில் கண்டி வீதியை விட்டு மேற்கே திரும்பி, காடும் வயலும் கடந்து சென்றடைய வேண்டிய ஊர் அது. வவுனிக்குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் மக்கள் அப் பகுதியில் வாழ்கின்றனர். தொலைக்கல்வி யாருக்காக என்று கேட்டால், இத்தகைய ஊர்ப் பிள்ளைகளுக்காகவே என்றுதான் எவரும் விடையிறுப்பர். அவ்விடையைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம்.

1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை வெளிவாரி மாணவர்க்கும் திறந்துவிட்டது. விபுலாநந்த அடிகள் 1920-இல் அதன் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றது அந்த வாசல் வழியாகத்தான். ஆயினும் அது ஆங்கிலம் அறிந்தோர்க்கு மட்டுமே வாசல். ஏர் பிடித்தவன் மகனுக்கு வெறும் சுவர். 1969-இல் பிரித்தானியாவில் தொழிற்கட்சி ஆட்சியின்போது பிறந்த திறந்த பல்கலைக்கழகம், முன்தகுதி கேளாமல் உழைப்பாளியைச் சேர்த்துக்கொண்டது. தொலைக்கல்விக்கு ஒரு ஜனநாயக முகம் வாய்த்தது அப்போதுதான். 1980-இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது.

அதன் நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும். வேலையை விடாமலே பட்டம் பெற்ற ஆசிரியர் எத்தனை பேர்! இதை வாசிப்போரிலும் சிலர் இருக்கக்கூடும். போரில் கணவனை இழந்து, குழந்தைகளை உறங்கவைத்தபின் பாடநூலைத் திறக்கும் பெண்ணுக்கு வேறெந்தப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கும்?

ஆனால் வன்னியில் தூரம் என்பது மைல் கணக்கன்று. போர்க்காலத்தில் ஏ9 வீதி பல்லாண்டு மூடிக்கிடந்து, 2002 ஏப்ரிலில் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. 2008-இல் துணுக்காய் மக்கள் ஊரையே விட்டு ஓடினர். 2009-இன் இறுதியில்தான் திரும்பத் தொடங்கினர். மின்சாரமும் அதன் பின்னரே வந்தது. வீதியையும் தபாலையும் நம்பிய கல்வி இவ்வளவுக்கும் இடையில் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையவழிக் கல்வி வந்தது. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தகப்பனோடு வயலுக்குப் போய்விடும். இது தமிழ்ப் பிள்ளைகளின் துயரம் மட்டுமன்று. ஊவா மாகாணத்துப் போகிட்டியாவ என்னும் சிற்றூரில் சிங்களப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறியதை 2021-இல் உலகமே செய்தியாகப் படித்தது. இருநூறுக்குக் குறைந்த மாணவர் கொண்ட ஆரம்பப் பாடசாலைகளை முதலில் திறக்கலாம் என்ற ஞானம் அதிகாரிகளுக்கு அவ்வாண்டு அக்டோபரில்தான் உதித்தது. நாற்பது பிள்ளைகள் மரநிழலில் விலகி அமர்ந்து படித்திருக்க முடியாதா? கொழும்பில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கும் கல்லூரிக்கு வகுத்த விதியையே வன்னியின் சிறு பள்ளிக்கும் விதித்தனர். 2022-இல் எரிபொருள் இல்லையென்று மீண்டும் இணையவழி என்றனர். மின்வெட்டு நிலவிய நாட்டில் அதுவும் ஒரு வேடிக்கைதான்.

இவற்றினும் ஆழமான குறை ஒன்றுண்டு. 1945 முதல் இலவசக் கல்வி நிலவும் இந்நாட்டில், ஏனைய அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெற்றவன் கட்டணமின்றிப் பட்டப்படிப்புப் படிக்கிறான். ஓரிரு புள்ளிகளால் அந்த இடத்தை இழந்த விவசாயியின் மகன் திறந்த பல்கலைக்கழகத்தில் பணம் செலுத்திப் படிக்கிறான். வசதியற்றவனுக்கே கட்டணம்! பொறியியல், தாதியியல் போன்ற துறைகள் அங்கே ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளையின் கையில் ஆங்கில நூலைத் தந்து, அருகில் ஆசிரியரும் இல்லாமல் விட்டுவிட்டு, இடையில் படிப்பை நிறுத்தினால் ஊக்கமில்லை என்று பழிப்பது என்ன நியாயம்? செய்முறைப் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் பஸ் ஏறும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு நாட்கூலி நட்டம்.

அச்சிட்ட பாடமோ திரையில் தோன்றும் பாடமோ தன்னளவில் குற்றமுடையதன்று. சந்தேகம் தீர்க்க வாரத்தில் ஒரு நாள் ஓர் ஆசிரியர், விளக்கெரியும் ஓர் அறை, தமிழில் எழுதிய துணைநூல் ஆகியவை அதனோடு வரவேண்டும். இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. துணுக்காய்க் கல்வி வலயத்தில் பாடசாலைக் கட்டடங்கள் இருக்கின்றன. பிற்பகல் மணி அடித்ததும் அவற்றின் கதவுகள் பூட்டப்பட்டு விடுகின்றன.