அரசியின் பெயரும் ஊரார் பொருளும்

விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்றதும் கோலாலம்பூரார் நினைவில் எழுவது குன்றின்மேல் நிற்கும் மாளிகையும் அதன் மணிக்கூண்டுமே. அம்மாளிகை திறக்கப்பெற்றது 1929இல். பள்ளியின் முதற் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியதோ 1893 ஆகஸ்டு 14ஆம் நாள். இடம் ஹை ஸ்திரீட்டு, இன்றைய துன் எச். எஸ். லீ சாலை. மறுஆண்டு ஷா என்பாரைத் தலைமையாசிரியராகக் கொண்டு பாடம் தொடங்கிற்று.

பெயரைக் கொண்டு இதனை அரசியின் கொடை என எண்ணுவாருளர். அது பிழை. 1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழாவிற்கென ஊரில் திரட்டிய பணம் செலவாகாமல் எஞ்சியிருந்தது. அதனைப் பள்ளிக்கு ஆக்கலாம் என்றவர் ரெசிடெண்டு திரெச்சர். அது போதாமையால் சுல்தான் அப்துல் சமது, காப்பித்தான் யாப் குவான் செங், லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை முதலியோர் பொருள் தந்தனர். பெயர் ஒன்றே அரசியுடையது, பொருள் ஊராருடையது.

கட்டடத்தின் தோற்றமும் ஆராயத்தக்கது. பொதுப்பணித்துறையின் நார்மன் வரைந்த முதற் பள்ளி, ஆங்கில நாட்டுப்புற மனையின் சாயலில் அமைந்தது. அதே துறை 1897இல் கட்டிமுடித்த அரசாங்கச் செயலகமோ (இன்றைய சுல்தான் அப்துல் சமது கட்டடம்) குவிமாடங்களும் குதிரைலாட வளைவுகளும் தாங்கி நிற்கிறது. ஆள்வோர் அமரும் அலுவலகத்திற்குக் கீழ்த்திசைக் கோலம். ஆளப்படுவோர் பிள்ளைகள் பயிலும் இடத்திற்கு ஆங்கிலக் கூரை! கட்டடக்கலை நூலார் இம்முரணை வெறும் நடைவேறுபாடாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். அலுவலகங்களுக்கு ஆங்கிலம் அறிந்த எழுத்தர் தேவைப்பட்ட காலம் அது என்பதையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆற்றை அடுத்த இடமாதலின் வெள்ளம் புகுந்தது, பள்ளி குன்றேறிற்று. வகுப்பறைகளுக்கு இது நலமே. ஆனால் நகரோடு இருந்த நெருக்கம் போயிற்று. மணிக்கூண்டு தொலைவிலிருந்து பார்த்து வியப்பதற்கு உரியது. பழைய பள்ளியோ கடைகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் நடுவே இருந்தது. 1885இல் இத்தெருவிற்கு வந்த மாரியம்மன் கோயிலை நிறுவியவரும் தம்புசாமிப் பிள்ளையே. ஒரே தெருவில் அவர் பொருள் கோயிலுக்கும் சென்றது, ஆங்கிலப் பள்ளிக்கும் சென்றது. கோயில் வரலாறு எழுதுவோர் பள்ளியைச் சொல்வதில்லை. பள்ளி வரலாறு எழுதுவோர் கோயிலைச் சொல்வதில்லை. தமிழாசிரியர்கள் மாணவரை அத்தெருவிற்கு அழைத்துச் சென்றால் இரண்டையும் ஒருங்கே காட்டலாம்.

1902இல் மறைந்த பிள்ளையின் பெயர் அப்பள்ளியின் விளையாட்டு இல்லங்களுள் ஒன்றிற்கு இடப்பட்டுள்ளது. ஷா, திரெச்சர், லோக் இயூ, யாப் குவான் செங் என்னும் பெயர்களோடு அதுவும் ஓட்டப்பந்தயத் திடலில் ஒலிக்கின்றது.